கிடங்கில் வெட்டிய ஜன்னல்

நூறு வருஷமாகப் பட்டுக்கூடுகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கு இன்று காலை ஹிராசவா ஊரின் நூலகமாகத் திறந்திருக்கிறது. தடித்த மண்சுவர்கள்; வெயில் ஆகாதென்று அந்தக் காலத்தில் ஜன்னலே வைக்கவில்லை. கட்டட வடிவமைப்பாளர் குசகாபே ஒரே ஒரு ஜன்னலை வெட்டி, அதன் அடியில் தேவதாருப் பலகையில் ஓர் இருக்கை அமைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் பழைய உத்தரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைவி தோமோயே அந்த இருக்கையையே பார்க்கிறாள். நூலகர் அசாஹினா அதில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு உறை போடுகிறாள். சுவரின் வளைவில் அவள் முதுகு அப்படியே பொருந்துகிறது, பாதங்கள் தரையில் படிகின்றன, வெளிச்சம் மடியில் வந்து விழுகிறது. "ஏங்க, இது யாரு உயரத்துக்கு அளந்தது?" என்று கணவரிடம் கேட்கிறாள் தோமோயே. "இங்க வேலை பாக்குறவங்களுக்குத்தான். இதென்ன கேள்வி?" என்கிறார் குசகாபே. அவர் காது மடல் சிவக்கிறது. பேச்சு காதில் விழுந்த அசாஹினா எழுந்து இடம் விடுகிறாள். தோமோயே ஏறி உட்கார்கிறாள். குட்டையான கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. "கால் வலிக்கப் போகுதும்மா" என்று அசாஹினா குழந்தைகள் பகுதியிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைக்கிறாள். தோமோயே அதைக் கால் நுனியால் தள்ளிவிடுகிறாள். "எனக்கு வசதியாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன். நீங்க நின்னுக்கிட்டே வேலையப் பாருங்க."