சுற்றுவழி

"உள்ளே இருக்கிற ரத்தக்குழாய்க்கு வலிச்சா, அது யார்கிட்டம்மா சொல்லும்?" என்று அவள் மகள் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். இன்று காலை, கணினித் திரைக்கு முன்னால் அந்தக் கேள்வி மறுபடி வந்து அவளை உட்காரவிடாமல் குடைந்தது.

கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை டாக்டர் உடம்புக்குள் செலுத்துவதற்கு முன், ஸ்கேன் படங்களை வைத்து அது போகவேண்டிய பாதையைத் திட்டமிடுவது அவள் வேலை. ரத்தக்குழாயின் சுவர் எங்கே நெகிழ்ந்து கொடுக்கிறது, எங்கே விறைத்துக் கிடக்கிறது என்று கணக்குப் போட்டு நிறம் தீட்டுவாள். நர்ஸுகளுக்கு அவள் 'ரூட்டு அக்கா'.

இன்றைய படம் ஒரு பெரியவருடையது. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. தொடையிலிருந்து ஏறும் பாதையில், நெஞ்சுக்கு மேலே ஒரு வளைவு சிவப்பாக எரிந்தது. இதயம் துடிக்கும்போதெல்லாம் மற்ற இடங்கள் விரிந்து சுருங்கின. அந்த வளைவு மட்டும் அசையவேயில்லை.

டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய், கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரை மறித்தாள்.

"டாக்டர், தொடை வழியா வேண்டாம். கை வழியா சுத்திப் போங்க."

"நல்ல நேரம் பார்த்து வந்தீங்க, ரூட்டும்மா! எல்லாம் தொடைக்குத்தான் ரெடி பண்ணியாச்சு. கை வழியா போனா ரெண்டு மடங்கு நேரம் ஆகும். வெளியில வரிசையா ஆள் காத்திருக்காங்க."

"அந்த வளைவு கல்லு மாதிரி இருக்கு. முட்டினா உதிரும். உதிர்ந்தது மூளையில போய் அடைச்சுக்கிட்டா, மனுஷன் எழுந்திரிக்கவே மாட்டார்."

"உங்க கம்ப்யூட்டர் போன வாரமும் சிவப்பு சிவப்புன்னு கத்துச்சு. நான் ஜம்முன்னு போயிட்டு வந்தேன்."

"டாக்டர்... அது எங்கப்பா" என்றாள்.

டாக்டர் முழங்கையால் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, போன மாசம்தானே உங்க சித்திக்குப் பண்ணோம்?"

"எங்க வம்சமே அப்படி. மேலே இருக்கிறவன் குழாய் விஷயத்துல மட்டும் எங்களுக்குக் கஞ்சத்தனம் பண்ணிட்டான்."

அவர் சிரித்துவிட்டார். "எங்கே, படத்தைக் காட்டுங்க."

டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துடிப்பாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"அட, ஆமா. அசையலையே" என்று முணுமுணுத்தவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சிஸ்டர்! தொடை வேண்டாம். கையைத் தயார் பண்ணுங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழியை மாற்றச் சொன்னது அவள். கை வழியிலும் ஓர் இடுக்கு இருந்தது. அதற்குச் சிவப்பு வேண்டாம், மஞ்சள் போதும் என்று முடிவுகட்டியதும் அவள்தான். தண்ணீர் பிடித்தாள், குடிக்க மறந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்தாள்.

"அக்கா, நடந்து நடந்து தரை தேயப்போகுது. கொஞ்சம் உக்காருங்க" என்றாள் அந்தப் பக்கம் வந்த நர்ஸ்.

"உக்காந்தா இன்னும் படபடன்னு வருது, நீ போம்மா."

கடவுளே, என் கணக்கு தப்பா இருந்தா அந்தப் பாவத்தை என் தலையில போடு, அவர் தலையில போட்டுடாதே என்று உள்ளுக்குள் மன்றாடினாள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார்.

"நல்லபடியா முடிஞ்சுது. அந்த வளைவுல சாய மருந்து விட்டுப் படத்துல பார்த்தேன். உள்ளே முள்ளு முள்ளா இருக்கு, ரூட்டும்மா. தொடை வழியா மட்டும் போயிருந்தேன்னா..." அவர் கையுறையைக் கழற்றினார். "போங்க, போய் உங்கப்பாவைப் பாருங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் வேறு யாருமில்லை. நர்ஸ் அடுத்த ஆளை அழைத்துவரப் போயிருந்தாள். பெரியவர் அரைமயக்கத்தில் கிடந்தார். விலகிக் கிடந்த போர்வையை அவள் பாதம்வரை இழுத்து மூடினாள்.

பல வருடங்களுக்கு முன் இப்படியொரு கட்டிலில் அவள் அம்மா கிடந்தாள். "உங்கண்ணன் கெஞ்சின கெஞ்சலுக்காகத்தாம்மா நான் சுத்துவழியா போனேன்" என்று அன்றைய டாக்டர் சொன்னார். வீட்டுக்கு ஒரே பிள்ளையான அவள், கைகூப்பி நன்றி சொல்ல அந்த அண்ணனை மாடி மாடியாகத் தேடி ஓடினாள். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற யாரோ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பெரியவர் மெல்லக் கண் திறந்தார். போர்வையைச் சரிசெய்கிற கையைப் பார்த்தார். பிறகு, முன்பின் பார்த்திராத அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"