தங்கச்சி மாதிரி

எபினேசருக்கு வேலை போய் நாலு மாதம். டெல்லி துவாரகா மெட்ரோ வாசலில் நின்றபடி பெனிட்டாவை ஃபோனில் கூப்பிட்டான். ஒன்றாக இன்டர்ன்ஷிப் செய்து பிரிந்தபின் இருவருக்கும் பேச்சே இல்லை.

"நல்லா இருக்கியா பெனிட்டா? அம்மா சௌக்கியமா?"

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க அம்மா ஞாபகமாக்கும்! விஷயத்தைச் சொல்லுடா."

"உங்க கம்பெனியில சேல்ஸுக்கு ஆள் எடுக்கறாங்களே, ஒரு ரெஃபரல் கொடேன். யாராவது கேட்டா, என்னை நல்லாத் தெரியும்னு சொல்லு."

"அச்சா! 'பெனிட்டா எனக்குத் தங்கச்சி மாதிரி, ஞாயிறு தவறாம சேர்ந்துதான் சர்ச்சுக்குப் போவோம்'னு காலையில ஆன்லைன் இன்டர்வியூல அளந்தியே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"கேமராவை அணைச்சுட்டுக் கேட்டுக்கிட்டிருந்த சேல்ஸ் மேனேஜரே நான்தான்!"

"அப்போ... வேலை?"

"இவ்வளவு கூசாம புளுகறவனை எந்த சேல்ஸ் மேனேஜர் விடுவா? திங்கக்கிழமை ஆபீஸுக்கு வா. அதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்துடு!"