பதில்கள் தயார்

இளையதம்பி புதுச் சட்டையோடு கதிரையில் நிமிர்ந்திருந்தார். நேர்முகத்துக்கு ஒரு மணித்தியாலமே இருந்தது. மனைவி இராசமலர் கேள்வி கேட்டாள்.

"காட்டுக்குள்ள இருக்கிற பிள்ளையளுக்கு விஞ்ஞானம் என்னத்துக்கு?"

"உரம் போடுறவனுக்கும் இரசாயனம் தெரியவேணும்."

"நல்லது. யானைக்குப் பயமில்லையோ?"

"இல்லை."

"மேல கூரை முகட்டைப் பாத்துச் சொல்லாதேங்கோ. பொய் எண்டு தெரிஞ்சிடும்."

"இந்த முறையும் சரிவராட்டி?"

"அபசகுனமாய்க் கதையாதேங்கோ."

பத்து மணி பஸ்ஸில், சான்றிதழ் உறையோடு ஓர் இளம்பெண் வந்து இறங்கினாள். பள்ளிக்கூட முகாமையாளர் இளையதம்பி தன் அலுவலகக் கதிரையிலிருந்து எழுந்து கும்பிட்டார். விஞ்ஞான ஆசிரியர் வேலைக்கு முன்பு வந்த மூன்று பட்டதாரிகளும் யானையைப் பற்றி அவரை விசாரித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போயிருந்தார்கள். இவளும் போனால் மேல்வகுப்பை மூடவேண்டியதுதான்.

அவர் அவளுடைய கேள்விக்காகக் காத்திருந்தார். அவள் அவருடைய கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"ஐயா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே?" என்றாள் கடைசியில்.

அவர் கேள்வி எதையும் தயார்செய்திருக்கவில்லை.

"பிள்ளைக்கு யானைக்குப் பயமோ?"

அவள் முகட்டைப் பார்த்தாள்.

"இல்லை, ஐயா."

"எனக்கும் இல்லை," என்றார் இளையதம்பி, தானும் முகட்டைப் பார்த்து. "திங்கட்கிழமையே வாங்கோ."