மாநாட்டுத் தலைவர்

"மாநாடா? இங்க அப்படி எதுவும் நடக்கலையே, சார்" என்றாள் ஓட்டலின் வரவேற்புப் பெண்.

"நடக்கலைன்னா? மெய்நிகர் உலகமும் டிஜிட்டல் இசை விநியோகமும், சர்வதேச மாநாடு! இந்த ஓட்டல், பெரிய ஹால்னு சொல்லியிருக்காங்க!" இசைத்துறைப் பேராசிரியர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"பெரிய ஹால்ல சோப்பு கம்பெனி ஏஜெண்டுகள் கூட்டம் நடக்குது சார். காலையிலேர்ந்து உங்களை மாதிரி நிறைய பேர் வந்து கேட்டுட்டாங்க."

அந்த நிறைய பேர் பின்னாலிருந்த சோபாக்களில் பெட்டியும் கையுமாக முழித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி, வி.ஆர். எனப்படும் மெய்நிகர் கண்ணாடி இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பேராசிரியர் அவளிடம் போனார்.

"நீயும் கட்டுரை வாசிக்கத்தான் வந்தியாம்மா?"

"ஆமா சார். மேடைன்னாலே நடுங்குற பாடகர்களுக்கு இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பயத்தைப் போக்குறதைப் பத்தி. மூணு வருஷ உழைப்பு. இந்த மாசத்துக்குள்ள ஒரு சர்வதேச மாநாட்டுல வாசிச்சாத்தான் பட்டம்னு கல்லூரியில சொல்லிட்டாங்க. இனி நான் எங்க போவேன்?"

"நாலு பேர்கிட்ட விசாரிச்சிருக்கக் கூடாதா?"

"விசாரிச்சேன் சார். தலைவர்னு போட்டிருந்தவர் நிஜமாவே பெரிய ஆளு. அவர் பேர் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்னு எங்க கைடே சொன்னார். வெப்சைட்டுல நீங்க பார்க்கலையா?"

"வெப்சைட்டெல்லாம் யாரும்மா பாக்குறா? கட்டுரை அனுப்பினேன், மறுநாளே ஏத்துக்கிட்டோம்னு மெயில் வந்துச்சு. நம்ம அருமை தெரிஞ்சவங்கன்னு கேட்ட கட்டணத்தைக் கட்டிட்டுக் கிளம்பி வந்துட்டேன். கட்டுரையே எதைப் பத்தின்னு நினைக்கிற? பாடினவனைக் கேக்காமலே அவன் பாட்டை இணையத்துல வித்துச் சம்பாதிக்கிற திருடங்களைப் பத்தி! கடைசியில எனக்கே நாமம் போட்டுட்டானுங்க."

மாணவி மறுபடியும் விசும்பினாள். அதைக் கேட்டதும் அவருக்குத் தன் கட்டுரை மறந்துபோனது. கோபம் மட்டும் இரண்டு மடங்கானது.

"திருடனைக்கூட மன்னிச்சுடலாம்மா. பேரைக் கொடுத்தானே ஒரு தலைவன், அவனை நிக்க வெச்சு அறையணும்!"

"அவ்வளவு பெரியவர் எப்படி சார் இதுக்குப் பேர் கொடுத்திருப்பார்?"

"வேறெப்படி? பதவி உயர்வுக்கு ஒரு வரி கூடுமேன்னுதான். மெயில் வந்திருக்கும், எந்த மாநாடு, எந்த ஊருன்னுகூடப் படிக்காம 'சம்மதம்'னு தட்டிவிட்டிருப்பான். எங்க உத்தியோகத்துல இது சர்வ சாதாரணம்."

ஓட்டல்காரர்கள் கூப்பிட்டிருந்த காவல் அதிகாரி உள்ளே வந்தார். "யார் புகார் கொடுக்கப் போறீங்க?"

அதுவரை குய்யோ முறையோ என்று கத்தியவர்கள் எல்லாம் தரையை ஆராய ஆரம்பித்தார்கள். காவல் நிலையம், சாட்சி, அலைச்சல் என்றால் படித்தவர்களுக்கு ஆகாது.

"நான் கொடுக்குறேன்!" பேராசிரியர் முன்னால் வந்தார். "இந்தப் பொண்ணுக்காகக் கொடுக்குறேன். முதல்ல அந்தத் தலைவனைப் பிடிச்சு உள்ள போடுங்க. அவன் பேரை நம்பித்தானே இவ வந்திருக்கா!"

"சரி, புகார் கொடுக்கிற உங்க பேரு?"

முனைவர் பட்டத்தில் தொடங்கி, கல்லூரி, துறை, பதவி என்று ஒன்றையும் விடாமல், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேராசிரியர் தன் பெயரைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். மாணவியின் அழுகை சட்டென்று நின்றுபோனது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "அந்தத் தலைவர் பேர் என்னம்மா?"

அவள் பேராசிரியரின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பத்தான் எழுதினீங்களே, சார்."