நாற்பத்தொன்றில் நின்ற எண்

பாளையங்கோட்டைக் குத்துச்சண்டை அரங்கின் உயரச் சன்னல் வழியே வரும் சாயங்கால வெயில் ரெனிஷாவின் பதக்கத்தில் மட்டும் விழுகிறது. தோற்றுப்போன கெசியா உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி அதையே முறைக்கிறாள். அவளுடைய அண்ணன் ஹெப்ரான், சர்ச் அசன விருந்தில் ஆள் எண்ணுவதற்கான, அமுக்க அமுக்க எண் ஏறும் கருவிகள் இரண்டை நீட்டுகிறான். இருவரின் குத்துகளையும் ஆளுக்கொன்றில் எண்ணியிருக்கிறான். “ஏட்டி, நீ அறுவத்திரண்டு, அவ நாப்பத்தொண்ணுதான். நடுவருங்க எண்ணிப் பாத்துல்லா மார்க்கு போடணும்!” கெசியா ரெனிஷாவின் குத்துகளை எண்ணிய கருவியைப் பிடுங்குகிறாள். இரண்டாம் சுற்று இடைவேளையில் அவன் காட்டியபோதும் அதில் நாற்பத்தொன்றுதான். “கடைசி ரவுண்டுல அவ அடிக்கவே இல்லியாண்ணே?” ஹெப்ரானின் கண்கள் ரெனிஷாவிடம் போய்த் தங்குகின்றன. “அவ அடிச்ச அழகுல அமுக்க மறந்துட்டேன்ட்டி.”