ஸ்பீடு சரியில்லை

"எவ்வளவு காட்டுது தம்பி?"

"நெட் ஸ்பீடு இருநூறு! இறக்குறதும் இருநூறு, ஏத்துறதும் இருநூறு. உங்க பிளானுக்கு ஒரு புள்ளி குறையல." லைன்மேன் லேப்டாப்பைத் திருப்பிப் பெருமையாகக் காட்டினார்.

பெரியவர் குனிந்து பார்த்தார். பிள்ளை பரீட்சையில் தோற்ற சேதி கேட்டவர்போல அவர் முகம் விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை பாருங்களேன். நாலு மணிக்கு மக கூப்பிடுவா. தூர தேசத்துல இருக்கா, எட்டாம் மாசம். அம்மா முகத்தைப் பார்க்காம இருக்க மாட்டா. அதுக்குள்ள இது சரியாகணும்."

மணி மூன்றேகால். லைன்மேனுக்கு உள்ளுக்குள் புகைந்தது.

இந்தத் தெருவின் ஃபைபர் ஆறு மாதமாக நொந்து கிடந்தது. கம்பத்துப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, வீடுகளுக்கு வரும் ஒளி மங்கிப்போயிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் போன் போட்டுக் காது கிழியத் திட்டினார்கள். அத்தனை வீட்டிலும் படுமோசமான ஒளி அளவு இந்த வீட்டினுடையதுதான். ஆனால் இங்கிருந்து மட்டும் ஒரு புகார்கூட வந்ததில்லை.

நான்கு நாளுக்கு முன்பு லைன்மேனே ஏணி வைத்து ஏறி, பழைய முனையை வெட்டி, புதிதாக ஒட்டிக் கொடுத்தார். தெருவே வாழ்த்தியது. அதுவரை வாய் திறக்காத வீடு, இன்று காலை 'ஸ்பீடு சரியில்லை' என்று புகார் எழுதியிருக்கிறது. 'நல்லதுக்குக் காலமில்லை' என்று முனகிக்கொண்டுதான் அவர் படியேறினார்.

"நீங்களே பாருங்கய்யா." லேப்டாப்பில் மோடத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். "போன வாரம் ஒளி மைனஸ் இருபத்தொன்பது. இப்ப மைனஸ் பத்தொன்பது. மைனசுக்குப் பின்னாடி வர்ற எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதுன்னு அர்த்தம். பிழை பூஜ்யம். நாலு நாளா லைன் ஒரு தடவைகூட அறுந்து போகல."

"முன்னாடி பிழை நிறைய இருந்துச்சோ?"

"நிறையவா? ஆயிரக்கணக்குல! படம் கட்டம் கட்டமா உடைஞ்சு தெரிஞ்சிருக்குமே. ஆறு மாசம் எப்படித்தான் பொறுத்தீங்களோ!"

"ஆமா, கட்டம் கட்டமாத்தான் தெரியும்" என்றார் பெரியவர் மெதுவாக.

"லைன்ல குறையில்லை. உங்க போனைக் குடுங்க, அதைப் பார்த்துடுவோம்."

பெரியவர் தயங்கித்தான் கொடுத்தார். முன்பக்கக் கேமராவின்மேல் பிசுபிசுவென்று எண்ணெய்.

"அட, தலைக்குத் தேய்க்கிறதை இதுக்குத் தேய்ச்சு வச்சிருக்கீங்களே!" லைன்மேன் பையிலிருந்து துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். பெரியவர் தடுப்பதுபோலக் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

உள்ளறையில் இருமல் கேட்டது. பாதி திறந்த கதவு வழியே லைன்மேன் பார்த்தார். போர்வைக்குள் ஒரு கைப்பிடி உடம்பு. தலையைச் சுற்றித் துணி, குழிவிழுந்த கன்னம். கண்கள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கம்மாங்களா? ரொம்பத் தள்ளாமை போல."

பெரியவர் கதவுப் பக்கம் பார்த்தார். லைன்மேனே தொடர்ந்தார். "வீட்டு அம்மா எங்க காணோம்? போன வருஷம் நான் கனெக்‌ஷன் குடுக்க வந்தப்போ இடுப்புல கை வச்சுக்கிட்டு எதிர்லயே நின்னாங்களே. புதுப் பெயின்ட்ல ஓட்டை போட்டா கையை ஒடிச்சிடுவேன்னு ஒரே அதட்டல். அவங்க குரலுக்கு மோடமே வேண்டாம்யா, மகளுக்கு நேராவே கேட்கும்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பெரியவர் துடைத்த போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவதான் தம்பி அது."

லைன்மேனுக்குப் பேசியதையெல்லாம் பொறுக்கி எடுத்து விழுங்கிவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளறைப் பக்கம் திரும்பவே அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"ஆறு மாசமா வைத்தியம் நடக்குது. மகளுக்குத் தெரியாது" என்றார் பெரியவர். "அவளுக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை தவறிப் போச்சு. இந்தத் தடவை மனசுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவ குரல் கம்முனாக்கூட லைன் மேல பழியைப் போட்டுச் சமாளிச்சோம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"முந்தாநாள் கூப்பிட்டா. அவ மூக்குத்திகூடப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அம்மா தூங்குறான்னு சொல்லித் தப்பிச்சேன். இன்னிக்கும் அம்மாவைக் காட்டலேன்னா அடுத்த விமானத்துல கிளம்பிடுவேங்கறா."

லைன்மேன் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"நீங்க ஒரு தடவை பார்த்தவர். உங்களுக்கே அடையாளம் தெரியல. பெத்த பொண்ணு இதைப் பார்த்தா என்ன ஆவா?"

பெரியவர் எழுந்து, மோடத்திலிருந்து சுவருக்குப் போகும் மெல்லிய கம்பியைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் ஒரே ஒரு மாசம்தான். பழையபடி மங்கலா ஆக்கிக் குடுங்க தம்பி."