மால்டாவில் இறங்கும் முன்

1976 கோடை. பார்க்டேல் ஃபிளாட்டில் சாப்பாடு முடிந்ததும், அடுத்த வாரம் மால்டா கிளம்பும் நண்பர் மோகனசுந்தரத்துக்குக் கடல் குளியல் பாடம் நடத்தினார், போன வருஷம் அங்கே போய்வந்த சுந்தரராஜன்.

“தனியா இறங்காதீங்க சார். கூட வர்றவங்கள விட்டு நகரவே கூடாது. உடம்பு நடுங்க ஆரம்பிச்சா உடனே கரையேறிடணும்.”

“போன வருஷம் உங்ககூட யார் இறங்கினாங்க?”

“ஒரு வெள்ளைக்கார ஃப்ரெண்டு.”

காபி கொண்டுவந்த சுந்தரராஜனின் மனைவி கிருஷ்ணவேணி டம்ளரை வைத்தாள்.

“நான்தாங்க அந்த வெள்ளைக்காரன். நீச்சலுடையில இருந்தேன். கரையில ஒரு தமிழ்க் குடும்பம் வந்து உட்கார்ந்ததும் இவர் மட்டும் ஏறிட்டு, அவங்க போறவரைக்கும் வெளிய வராதேன்னு சைகை காட்டினார். குளிர்ல கால் மரத்துப்போச்சு.”

சுந்தரராஜன் காபியை ஆற்றத் தொடங்கினார்.

“அந்தக் குடும்பத்து அம்மாதான் புடவையோட இறங்கி என்னை இழுத்துட்டு வந்தாங்க. யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டாங்க. இவர் வாயே திறக்கல.”